உறையின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

மளிகைக் கடையிலிருந்து வந்த பையை அம்மா காலி செய்யும்போது நீங்களும் அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். பிஸ்கட் பாக்கெட்டின் மேல் ஒரு கோதுமைக் கதிர் அச்சிடப்பட்டிருக்கும். பானப் பொடி டப்பாவின் மேல் ஒரு சிறுவன் துள்ளிக் குதித்துக்கொண்டிருப்பான். எண்ணெய் உறையின் மேல் சிவப்பாக ஓர் இதயம் இருக்கும். பழச்சாற்றுப் பெட்டியிலோ அப்போதுதான் பறித்தது போன்ற மாம்பழம். இந்தப் படங்களை மட்டும் பார்த்தால், இந்த வீட்டில் இனி யாருக்கும் நோயே வராது என்று தோன்றும்!

இவை எல்லாம் உறையின் முன்பக்கத்தில் இருப்பவை. அங்கே என்ன படம் போடுவது, எந்தச் சொல்லைப் பெரிதாக எழுதுவது என்பதைப் பொருளை விற்பவரே முடிவு செய்கிறார். பின்பக்கத்தில் பொடி எழுத்துகளில் ஒரு பட்டியல் இருக்கும். அது சட்டம் கேட்பதற்காக எழுதப்பட்டது. முன்பக்கத்தில் சொல்லாமல் விட்டதைப் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் கண்டுபிடித்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த விவரங்களை ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிட வேண்டும் என்பதே நம் நாட்டு விதி. வேறு மொழியிலும் அச்சிடலாம், ஆனால் கட்டாயமில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்தக் கோதுமைக் கதிர்தான் தெரியும், பின்பக்கம் தெரியாது. பாட்டிக்கு நீரிழிவு இருந்தால் இது சிறிய விஷயமா? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையைச் சேர்ந்த மருத்துவ விஞ்ஞானிகள் நடத்தினார்கள். நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. ஏறத்தாழ 10 கோடிப் பேர்! உங்கள் வீட்டில் அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். ஆகவே எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

பாலின் புகழ் யாருக்கு?

முதலில் பானப் பொடியை எடுத்துக்கொள்வோம். பார்லியை நனைத்து முளைகட்ட வைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும். அதை உலர்த்தினால் கிடைப்பதே மால்ட். மால்ட்டையும் கோதுமை மாவையும் பாலையும் சேர்த்து உலர்த்திய பொடிக்கு 1883-இல் அமெரிக்காவில் ஹார்லிக் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். நம் ஊரிலோ, மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பாட்டில் பொடியும் வாங்கிப் போவது வழக்கமாயிற்று. நோயாளிக்குக் கொடுப்பது நிச்சயம் சத்தானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அப்படித்தான் ஊறிப்போயிருக்க வேண்டும்.

டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, 100 கிராம் பொடியில் என்னென்ன இருக்கின்றன என்பது. மற்றொன்று, ஒரு கோப்பைப் பாலில் பொடியைக் கலந்தால் என்னென்ன கிடைக்கும் என்பது. இரண்டாவது பத்தி பார்க்க மிக அழகாக இருக்கும். ஏன் தெரியுமா? அதில் பாலின் சத்தும் சேர்ந்திருக்கிறது!

ஒரு கணக்குப் போடுவோம். 100 கிராம் பொடியில் 8 கிராம் புரதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 25 கிராம் பொடி போட்டால் அதிலிருந்து 2 கிராம் புரதம் கிடைக்கும். 200 மி.லி. பசும்பாலில் 6 கிராமுக்குச் சற்று அதிகமான புரதம் உண்டு. ஆகக் கோப்பையில் உள்ள புரதத்தில் நான்கில் மூன்று பங்கு பாலுடையது. அதே பாலில் ஏறத்தாழ 240 மி.கி. கால்சியமும் இருக்கிறது. பொடியே போடாமல் வெறும் பாலைக் குடித்திருந்தாலும் இவை கிடைத்திருக்கும். மாடு பால் கொடுக்கிறது, டப்பா புகழ் வாங்குகிறது.

பொடியில் வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சேர்த்திருப்பார்கள். அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றோடு வேறொன்றும் வருகிறது. அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்பதற்கான ஆங்கில வரியைத் தேடுங்கள். 100 கிராமுக்கு 32 கிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு வேளைக்கு 8 கிராம். காலையும் மாலையும் குடித்தால் 16 கிராம். பொடியில் இனிப்பு போதவில்லை என்று கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி சீனி போட்டால் (ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம்) மேலும் 10 கிராம். மொத்தம் 26 கிராம்.

இது அதிகமா, குறைவா? நாம் உண்ணும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக்கூடாது என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 கலோரி தேவை என்றால், அதில் இருபதில் ஒரு பங்கு 100 கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும். ஆகவே 25 கிராம். இரண்டு கோப்பையிலேயே அந்த எல்லை தாண்டிவிட்டது. காப்பி, மிட்டாய், பாயசம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இத்தகைய பானங்களை ஊட்டபானம் என்றும் ஆரோக்கிய பானம் என்றும் பல ஆண்டுகளாக விற்று வந்தார்கள். நமது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை! இதைச் சுட்டிக்காட்டி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வழி விற்பனை நிறுவனங்களிடம் அந்தத் தலைப்பின் கீழ் இப்பானங்களை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

வரிசையில் ஒரு வித்தை

இனி பிஸ்கட். உறையில் சேர்மானப் பொருள்களின் பட்டியல் இருக்கும் அல்லவா? எடையில் அதிகமானது முதலிலும், குறைவானது கடைசியிலும் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. கேழ்வரகு பிஸ்கட் என்று பெரிதாக எழுதியிருந்தால், கேழ்வரகு பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பொருளைச் சிறப்பித்துச் சொன்னால் அது எத்தனை சதவீதம் என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த எண் சில சமயம் உங்களைத் திடுக்கிட வைக்கும். முதலிடத்தில் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளவர்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது மைதாதான். மைதாவும் கோதுமையிலிருந்து வருவதால் உறையில் கோதுமைக் கதிரை வரைவது பொய்யாகிவிடாது.

மைதாவுக்கும் முழுக் கோதுமை மாவுக்கும் என்ன வேறுபாடு? மாவு மில்லில் அரைத்து வந்த கோதுமை மாவை மெல்லிய சல்லடையில் சலித்துப் பாருங்கள். சல்லடையில் தங்குவது தவிடு. நார்ச்சத்தும் கனிமங்களும் பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கின்றன. முளைக்கருவையும் தவிட்டையும் நீக்கிய வெள்ளைப் பகுதியே மைதா. நார்ச்சத்து இருந்தால் மாவுச்சத்து மெதுவாகச் செரித்து, இரத்தத்தில் குளுக்கோஸ் படிப்படியாக ஏறும். நாமோ தவிட்டைச் சலித்து மாட்டுக்குப் போடுகிறோம். மாடு கொடுத்து வைத்தது. ரொட்டி பழுப்பு நிறமாக இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பட்டியலில் கேரமல் என்ற சொல்லோ, 150 என்று தொடங்கும் நிற எண்ணோ இருந்தால், அந்தப் பழுப்பு தவிட்டிலிருந்து மட்டும் வந்ததல்ல; காய்ச்சிய சர்க்கரையிலிருந்தும் வந்தது.

வரிசை விதியிலும் ஒரு வித்தை செய்யலாம். 100 கிராம் பிஸ்கட்டில் மாவு 48 கிராம், சர்க்கரை 24 கிராம், பாமாயில் 20 கிராம் என்றால் சர்க்கரைக்கு இரண்டாம் இடம். ஆனால் அந்த 24 கிராமையும் சீனி 14, இன்வெர்ட் சிரப் 6, லிக்விட் குளுக்கோஸ் 4 என்று மூன்றாகப் பிரித்தால்? பாமாயில் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடும். சர்க்கரை மூன்று வேடத்தில் கீழே இறங்கி நிற்கும். படிப்பவர் கண்ணில் அது குறைவாகப் படும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். அது சர்க்கரைக் கணக்கில் சேராது, இனிப்பும் அதிகமில்லை. ஆனால் உடைந்த மாவுச்சத்து ஆகையால் வயிற்றுக்குள் போனதும் விரைவாகக் குளுக்கோஸாக மாறிவிடும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய பிஸ்கட்டைப் பாட்டிக்கு எடுத்து வைக்கும் முன் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். வெல்லம் சேர்த்தது என்றாலும் ஏமாற வேண்டாம். வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

எண்ணெய் உறையில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருப்பது உண்மையே. ஆனால் கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உண்டாவது. கடலையிலோ சூரியகாந்தியிலோ அது இருந்தால்தான் அதிசயம். முள் இல்லாத வாழைப்பழம் என்று விளம்பரம் செய்வது போலத்தான் இதுவும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

பெயரைப் பார்த்து ஏமாந்தால்

இதுவரை சொன்னவற்றில் ஏமாந்தால் கெடுதல் மெதுவாக வரும். அடுத்துச் சொல்லப்போவதில் ஒரு நாளிலேயே வரலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்வார்கள். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகவே உள்ளே விடும் ஒரு வாயில் உண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை நுழையும்போது தண்ணீரும் பின்னாலேயே நுழைந்துவிடும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

இதில் அளவுதான் உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மருந்துக் கடைகளிலேயே, பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய பழச்சுவைப் பானங்கள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. அவற்றில் லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருந்ததுண்டு. மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசிறி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? அடர்ந்த சர்க்கரைக் கரைசலும் அப்படித்தான் குடற்சுவரிலிருந்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். வயிற்றுப்போக்கு நிற்பதற்குப் பதில் அதிகமாகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் இருக்கக்கூடாது என்று ஆணையிட்டது. ஆனாலும் கடையில் வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இவற்றை எல்லாம் படித்துவிட்டு, வீட்டில் பெரியவர்களிடம் "இதை வாங்காதே, அதை வாங்காதே" என்று உத்தரவு போட்டால் பலன் இராது, திட்டுதான் கிடைக்கும். சோதனையாகச் செய்து காட்டுங்கள். ஒரு பழச்சுவைப் பானத்தில் 100 மி.லி.க்கு 12 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 200 மி.லி.க்கு 24 கிராம். அதற்குரிய சீனியை, அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டியை, ஒரு தட்டில் கொட்டி வையுங்கள். பிறகு அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுங்கள், முகம் சுளிப்பார்கள். இப்போது அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். குடிக்க நன்றாகவே இருக்கும். சர்க்கரை ஒரு துளியும் குறையவில்லை. புளிப்பு அதை மறைத்துவிட்டது. என் அனுபவத்தில், பத்து முறை எடுத்துச் சொல்வதைவிட அந்தத் தட்டு நன்றாகப் பேசும்.

மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் என்ன தின்பது என்ற கேள்வி வரும். கொண்டைக்கடலைச் சுண்டலும் வேகவைத்த நிலக்கடலையும் இருக்கின்றனவே! 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கும் மேல் கால்சியம் உண்டு. அடையாகவோ களியாகவோ செய்தால் நல்லது. நைசாக அரைத்துக் கூழாக்கி வெல்லத்தையும் கொட்டினால், நீரிழிவுக்காரருக்கு அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். வீட்டில் செய்தது என்பதற்காகவே எல்லாம் நல்லதாகிவிடாது. அப்பளத்திலும் ஊறுகாயிலும் உள்ள உப்பைக் கேட்டால் உங்கள் பாட்டியே ஒப்புக்கொள்வார்.

உப்பு என்றதும் ஒரு கணக்கு. உறைகளில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று மி.கி. கணக்கில் எழுதியிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். வயது வந்தவருக்கு ஒரு நாளுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு மிக்சர் பாக்கெட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 800 மி.கி. என்று இருக்கிறது. பாக்கெட்டின் எடை 150 கிராம். முழுவதையும் ஒருவரே தின்றால் எவ்வளவு உப்பு உள்ளே போகும்? கணக்கிட்ட பின், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

(விடை: 3 கிராம்.)