ஆலு போஸ்தோவும் ஆய்வகத்து ரிப்போர்ட்டும்

கசகசாவை நாம் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் அரைத்தால் அதிகம். கொல்கத்தாவில் கிண்ணம் கிண்ணமாக ஊறவைத்து, அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கோடு புரட்டுகிறார்கள். அதுதான் ஆலு போஸ்தோ. என்ன ருசி! அதை ஒரு பிடி பிடித்துவிட்டு டம்டம் விமான நிலையத்துக்குப் போகும் விமானியைச் சிறுநீர் சோதனைக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தால், அடடா, ஒரு துப்பறியும் கதையே ஓடிக்கொண்டிருக்கிறது!

2022 ஜனவரி 31 முதல் விமானப் பணிக்குழுவினரிலும் வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.டி.சி. அதிகாரிகளிலும் ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி. கஞ்சா, கோகெய்ன் என நீளும் பட்டியலில் ஓபியம் வகையும் உண்டு. கசகசா வருவது ஓபியச் செடியிலிருந்துதான். காயில் வடியும் பாலில் மார்ஃபின் இருக்கிறது; அறுவடையின்போது அது விதைமேல் ஒட்டிக்கொள்ளும். கழுவிச் சமைத்தால் பெருமளவு குறையும். சாப்பாட்டு அளவில் போதை ஏறாது, ஆனால் சிறுநீரில் தடயம் தெரியலாம்.

முதல் கட்டச் சோதனைக்கான கிட்டைப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர் தலைகீழ்! போதைப்பொருளுக்கான இடத்தில் கோடு விழுந்தால் நல்ல சேதி. மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான். கோடே வராவிட்டால்தான் சிக்கல். அப்போதும் ‘பாசிட்டிவ்’ என்று எழுத மாட்டார்கள்; ‘நான்-நெகட்டிவ்’ என்றுதான் குறிப்பார்கள். உறுதிச் சோதனை முடியும்வரை அவர் பணியில் இருக்கக் கூடாது, அவ்வளவே. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒரு மனிதரின் பிழைப்பை ஒற்றைக் கோட்டை நம்பி முடிவுசெய்யக் கூடாதல்லவா?

அடுத்து வருகிறது ஜி.சி.-எம்.எஸ். கருவி. மாதிரியில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடும்! அங்கேயும் ‘கட்-ஆஃப்’ என்றொரு எல்லை உண்டு. தடயம் இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழே என்றால் ரிப்போர்ட் நெகட்டிவ். அமெரிக்க அரசுப் பணியிடச் சோதனைகளில் ஓபியத்துக்கான எல்லை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. ஒரு நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களும் மாட்டிக்கொண்டதால் 1998இல் அதை 2,000 ஆக உயர்த்தினார்கள். கைப்பிடி விதைக்காக ஒரு நாட்டின் விதியே மாறியிருக்கிறது!

உறுதியான பாசிட்டிவ் என்றால் 24 மணி நேரத்தில் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தகவல் போக வேண்டும். முதல் முறை போதை மீட்பு சிகிச்சை, இரண்டாம் முறை மூன்றாண்டு உரிமம் நிறுத்தம், மூன்றாம் முறை உரிமமே ரத்து.

இத்தனைக்கும் நடுவே ஆய்வகத்தின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: 6-அசிட்டைல்மார்ஃபின். ஹெராயின் உடலுக்குள் சிதையும்போது பிறக்கும் பொருள் அது. எத்தனை கிண்ணம் போஸ்தோ சாப்பிட்டாலும் அது வராது.