கொல்லிமலை இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றுவது

கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் கார்களில் எதில் பிரேக் அடிவாங்கியிருக்கிறது என்பதை, காரவள்ளி அடிவாரத்தில் நின்றால் மூக்கே சொல்லிவிடும். முன்சக்கரத்தின் பக்கம் போனால் கருகல் நெடி குப்பென்று அடிக்கும். சமவெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைத்திருக்க வேண்டிய பேட், ஒரே இறக்கத்தில் மேற்பரப்பு கருகி, கண்ணாடிபோல வழவழத்துப் போயிருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பழி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே வளைவுகளில் அன்னாசியும் பலாவும் ஏற்றிக்கொண்டு வாரம் முழுக்க இறங்குகிற பிக்கப் வண்டிகளில் அந்த நெடி வருவதில்லை. வேறுபாடு ஓட்டுபவரின் இடது கையில், அதாவது கியரில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 800 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 37 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். இதில் ஒரு பங்கு காற்றிலும் டயர் உராய்விலும் போய்விடும். மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கை அகலப் பேட்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இறங்கும் வேலை மலைமேலேயே தொடங்குகிறது. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ கிளம்புமுன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலின் அளவைப் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பெடல் பஞ்சாகத் தரை தொடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். மலைப்பயணத்துக்கு முன் இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அடுத்தது கியர். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலையோட்டிகளின் பழைய பாடம், இன்றைக்கும் அதுவே சரி. பெரும்பாலும் இரண்டாவது கியர். செங்குத்தான வளைவுகளில் முதல் கியர். சரிவு தொடங்குவதற்கு முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். வேகம் எடுத்தபின் கியரைக் குறைக்கப் பார்த்தால், கிளட்சை மிதித்த அந்தச் சில நொடிகளில் வண்டி இன்னும் பாயும். இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமும். பெட்ரோல் காரில் முள் 3,000 தொட்டாலும் கவலை வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் சிவப்புக் கோடு 6,000க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் நிலைக்கோ மேனுவல் முறைக்கோ மாற்றுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்பும். ஆனால் மலைமேல் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அந்த மின்சாரம் போக இடமில்லாமல் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் நின்றேவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை உயிரோடு வைக்க அது செலவாகும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. பிரேக்குக்குத் துணைநிற்கும் பூஸ்டர் சில மிதிகளுக்குள் வலுவிழந்துவிடும், ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும்.

இனி வளைவுகள். எண் பலகைகள் அடிவாரத்திலிருந்து தொடங்குவதால் இறங்கும்போது 70 முதல் 1 வரை பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவோம். ஒவ்வொன்றிலும் செய்யவேண்டியது ஒன்றுதான். வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியில், சக்கரம் நேராக இருக்கும்போதே, உறுதியாக ஒரு மிதி. வேகம் 15, 20க்கு வந்ததும் காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். திருப்பத்தை இன்ஜினே கடத்திவிடும். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே வருவது பாதுகாப்பு போலத் தோன்றும். பேட்டைத் தின்பது அந்தப் பழக்கம்தான். காற்று பட நேரமே கொடுக்காமல் டிஸ்க்கை அது தொடர்ந்து சூடேற்றுகிறது. அழுத்தி மிதித்து விட்டுவிட்டால் அடுத்த வளைவு வரும்வரை ஆறும். வேகத்தையும் கட்டுக்குள் வையுங்கள்: 40க்குப் பதில் 60இல் வந்து நிறுத்தினால், பிரேக் விழுங்கவேண்டிய வெப்பம் இரண்டேகால் மடங்கு.

எதிரே ஏறிவரும் வண்டிக்கு முதல் உரிமை என்பது மலைச்சாலை விதி. தூரத்தில் ஹாரன் கேட்கும்போதே அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றால் திடீர் பிரேக்குக்கு வேலையில்லை. ஆடி 17, 18இல் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் முன்வண்டியை ஒட்டிப் போனால், அவர் மிதிக்கும் ஒவ்வொரு மிதியையும் நாமும் மிதிக்க நேரும். நாலைந்து வண்டி இடைவெளி விடுங்கள். யாராவது உள்ளே புகுந்தால் புகட்டும்.

பாதி வழியில் அகலமான ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுவது நல்லது. அங்கே ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறுக்கி இழுத்துவிட்டுப் போகாதீர்கள். பல சிறிய கார்களில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளக்கூடும். சமமான இடமாகப் பார்த்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெடிப்பு விழலாம். பெடல் மெதுமெதுவென்று இறங்குவதாகத் தோன்றினால், பெடலை விட்டுவிட்டு மிதித்தபடி கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்தை விட்டு மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். முழுக்க ஆறி, பெடல் பழையபடி கெட்டியாகும்வரை நகர வேண்டாம்.

காரவள்ளி வந்ததும் டீக்கடை வாசலில் உடனே நிறுத்தத் தோன்றும். காளப்பநாயக்கன்பட்டிச் சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக ஓட்டினால் காற்றுபட்டு டிஸ்க் சீராக ஆறும். பிறகு இறங்கி, சக்கரத்தைத் தொடாமல் முகர்ந்து பாருங்கள். நெடி இருந்தாலோ, மிதிக்கையில் ஸ்டீயரிங் அதிர்ந்தாலோ, நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டின் கனம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால், முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.