வேப்பமரத்தடியில் ஒரு தோட்டம்

மருத்துவமனையின் பின்முற்றத்து வேப்பமர நிழலில் தோட்டம் அமைக்கத் திட்டமிட்டபோது, நாங்கள் முதலில் எண்ணியது மலர்களை அல்ல. அறுவை சிகிச்சைக்குப்பின் மீண்டும் நடக்கப் பழகுவோரையே.

1984ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப்பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர்; கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆகவே மரத்துக்கு ஊறு நேராதவாறு பணியைத் தொடங்கினோம். வேர்களை வெட்டவில்லை. அவற்றின்மேல் மண்ணைக் குவித்தால் காற்றோட்டம் தடைப்படும் என்பதால், நிழலில் வளரும் பெரணி, மருள் ஆகியவற்றைத் தொட்டிகளில் வைத்தோம். வேர்கள் இடறாத தொலைவில், சக்கர நாற்காலி செல்லுமளவு அகலமான, படிகளற்ற பாதை அமைத்தோம். களைத்தவர் அமர, பாதையோரம் கைப்பிடியுள்ள இருக்கைகள் உள்ளன.

ஓர் எச்சரிக்கை: புற்றுநோய்க்கு மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் மண்ணைத் தொட வேண்டாம், அதிலுள்ள பூஞ்சைகளால் தொற்று ஏற்படலாம். தோட்டத்துக்கு வருமுன் தங்கள் மருத்துவரைக் கேட்டறிக.

உடனிருந்து கவனிப்போரே, நோயாளி உறங்கும் வேளையில் செவிலியரிடம் கூறிவிட்டு, நீங்களும் இங்குச் சற்றே அமருங்கள். இந்நிழல் உங்களுக்கும் உரியது.