பிளகின் வாங்கும் முன் மவுஸைக் கழற்றுங்கள்

இணையதளம் நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அக்செஸிபி என்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. தன் பிளகினைப் பதித்தால் எந்தத் தளமும் மாற்றுத்திறனாளிகளுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. தரத்தை எட்டிவிடும் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. அதற்கு ஆதாரமில்லை என்றது கமிஷன். யாரோ நடுநிலையாக எழுதியவை போலத் தோன்றிய சில மதிப்புரைகளுக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பு இருந்தது மறைக்கப்பட்டதாகவும் சொன்னது.

நம்பிப் பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடுதான் கட்டியிருப்பார்கள். பார்வையற்றவர்களும் கை நடுக்கம் உள்ளவர்களும் நம் தளத்தைப் பயன்படுத்தட்டும் என்ற எண்ணம் அது. அந்த எண்ணத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு பொய்யை விற்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அணுகல்தன்மைக்கென்றே விற்கப்படும் பிளகின்கள் ஒரு சிறு பகுதிதான். நன்கொடைப் படிவம், அப்பாயின்ட்மென்ட் காலண்டர், படம் ஓடும் ஸ்லைடர், மூலையில் எட்டிப் பார்க்கும் சாட் பெட்டி என்று மற்றவைதான் அன்றாடம் வாங்கப்படுகின்றன. தளம் எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டிருந்தாலும், வெளியிலிருந்து வந்து உட்காரும் இந்த ஒரு துண்டு வழியை அடைத்துவிடும். உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. அதன் அதிகாரப்பூர்வ பிளகின் பட்டியலில் நட்சத்திர மதிப்பெண், எத்தனை தளங்களில் ஓடுகிறது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது எல்லாம் தெரியும். திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகுமா என்பது மட்டும் தெரியாது. சட்டத்தின் தேவைகளை இந்த பிளகின் நிறைவேற்றித் தரும் என்று உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பட்டியலின் விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே ‘நூறு சதவீதம் சட்டப்படி’ என்ற வாசகத்தை எங்கே கண்டாலும் உஷாராகிவிடுங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரு மருத்துவமனைத் தளத்துக்கு அப்பாயின்ட்மென்ட் காலண்டர் வாங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டண பிளகின்களில் பெரும்பாலானவற்றுக்கு டெமோ பக்கம் இருக்கும். அதைத் திறந்துவைத்து, மவுஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்தி முன்னே போங்கள். இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும் கட்டம் திரையில் தெரிகிறதா? என்டர் தட்டினால் காலண்டர் திறக்கிறதா? அம்புக்குறி விசைகளால் தேதி மாற முடிகிறதா? எஸ்கேப் தட்டினால் மூடிக்கொண்டு, விட்ட இடத்துக்கே திரும்புகிறதா? பல காலண்டர்கள் இங்கேயே தோற்றுவிடும். உள்ளே நுழைந்தவர் வெளியே வர முடியாமல் சுற்றிச் சுற்றி வருவார், அல்லது உள்ளே நுழையவே முடியாது.

அடுத்து திரைவாசிப்பானை ஓடவிடுங்கள். விண்டோஸ் கணினிக்கு என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் உருவாக்கி வளர்த்தது அது, தொடக்கம் 2006-இல். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும். இரண்டில் ஒன்றை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதே காலண்டரைக் கேளுங்கள். ‘பதினான்கு, பட்டன்’ என்று மட்டும் சொன்னால் எந்த மாதத்துப் பதினான்கு என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ‘நவம்பர் 14, வெள்ளி, காலை 10 மணி, காலியாக இருக்கிறது’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். நிரம்பிவிட்ட நேரங்களைச் சாம்பல் நிறத்தில் மட்டும் காட்டும் காலண்டரும், தவறாக நிரப்பிய கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் போடும் படிவமும் பார்வையற்றவரிடம் எதையுமே சொல்வதில்லை.

இந்தக் குறைகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. நிஜப் பட்டனைப் போடாமல், பட்டன் மாதிரி நிறமும் வளைவும் கொடுத்து ஒரு வெறும் பெட்டியை நிரலாளர் வைத்திருப்பார். கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. திரைவாசிப்பானுக்கோ அங்கே பட்டனே இல்லை. மேலே வேறொரு பிளகினைப் போர்த்தி இதை முழுக்கச் சரிசெய்துவிட முடியாது. அந்தப் பெட்டி எதற்கு, எந்த மாதத்துக்கு, அழுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுதியவருக்குத்தான் தெரியும்.

தமிழ்த் தளம் என்றால் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். ‘மூடு’, ‘அடுத்த மாதம்’ போன்ற சொற்கள் திரையில் தெரியாமல் திரைவாசிப்பானுக்காக மட்டும் உள்ளே எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்புக் கோப்பில் அவை விடுபட்டுப்போனால், திரையில் எல்லாம் தமிழாக இருக்கும்போதே காதில் இடையிடையே ஆங்கிலம் விழும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலத்துக்கென்று உள்ள சில குரல்கள் தமிழ் எழுத்துகளை உச்சரிக்காமலே தாண்டிப் போய்விடும். விற்பவர்கள் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிக் கருவிகளையும் பயன்படுத்தலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு இருக்கிறதா, படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்பதை நொடியில் சொல்லிவிடும். அந்த விளக்கம் படத்துக்குப் பொருந்துகிறதா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். கருவி பச்சை விளக்குக் காட்டிவிட்டது என்பதற்காகப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

பெரிய நிறுவனங்களிடம் வாங்கினால் வி.பி.ஏ.டி. என்ற அணுகல்தன்மைப் படிவத்தில் தயாரித்த அறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘ஆதரிக்கிறது’, ‘ஓரளவு ஆதரிக்கிறது’, ‘ஆதரிக்கவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் விளக்கம் தந்திருப்பார்கள். விளக்கக் கட்டம் காலியாக, எல்லா வரியிலும் ‘ஆதரிக்கிறது’ என்று இருந்தால் நான் அதை நம்ப மாட்டேன். ‘இழுத்து நகர்த்தும் வசதிக்கு இன்னும் மாற்றுவழி இல்லை, அடுத்த பதிப்பில் வரும்’ என்று எழுதியவரிடம் வாங்கலாம். அறிக்கை எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, எந்தத் தரத்தை வைத்து அளந்தார்கள் என்றும் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் பட்டன்களுக்குக் குறைந்தபட்சம் 24 பிக்சல் அளவு போன்ற சில விதிகளைப் புதிதாகச் சேர்த்தது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தனியார் சேவை வழங்குநர்களையும் சேர்த்தே பேசுகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 அன்று, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் கே.ஒய்.சி. முறையால் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் ஒதுக்கப்படுவது குறித்த வழக்கில், டிஜிட்டல் அணுகலும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அடையாளத்தைச் சரிபார்க்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால், கண்ணையே இழந்தவர் என்ன செய்வார்?

முடிந்தால், திரைவாசிப்பானை தினமும் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய கட்டணம் கொடுத்து டெமோவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நாம் மணிக்கணக்கில் தேடும் குறையை அவர் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார். கண்ட குறையை விற்பவருக்கு எழுதும்போது பொதுவாகப் புகார் சொல்லாமல், எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, எந்தப் படியில் நின்றுபோனது என்று குறிப்பிடுங்கள். ‘சரிசெய்கிறோம், இன்ன தேதிக்குள்’ என்று பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். ‘இதுவரை யாரும் புகார் சொன்னதில்லையே’ என்று வந்தால் வேறு பிளகினைத் தேடுங்கள்.