விமானம் ஏறப்போகும் பந்துவீச்சாளர் யார்?

தம்பி, தங்கைகளே, இன்று நீங்கள்தான் தேர்வுக் குழு. ஓர் அணி ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் தொடர் ஆடப் போகிறது. பந்துவீச யார் யாரை அனுப்பலாம்? “போன தொடரில் நிறைய விக்கெட் எடுத்தவரை அனுப்பலாம்” என்று உடனே கை தூக்குவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த விக்கெட்டுகள் எந்தப் பந்தில், எந்த மண்ணில் விழுந்தன என்று கேட்காமல் யார் பெயரையும் எழுதக்கூடாது.

முதலில் பந்தைப் பார்ப்போம். எந்த நாட்டில் ஆடினாலும் டெஸ்ட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரைதான். ஆனால் தையலில்தான் வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் ஆடும் எஸ்ஜி பந்து மீரட் நகரில் தயாராகிறது. இங்கிலாந்தில் ஆடுவது டியூக்ஸ். இந்த இரண்டிலும் ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது. ஆகவே தையல் வெகுநேரம் புடைத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் கூக்கபரா. அதில் நடுவிலுள்ள இரண்டு வரிசை மட்டும் கைத்தையல், மற்ற நான்கும் இயந்திரத் தையல். சில ஓவர்களிலேயே அமுங்கித் தட்டையாகிவிடும்.

தையல் அமுங்கினால் என்ன போச்சு? அங்கேதான் அறிவியல் வருகிறது.

பந்து பறக்கும்போது அதன் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பந்துவீச்சாளர் தையலைச் சற்றே சாய்த்துப் பிடித்து வீசுகிறார் என்று வையுங்கள். பளபளப்பான பக்கத்தில் அந்தப் படலம் அமைதியாக வழுக்கிப் போய் சீக்கிரமே பந்தை விட்டு விலகிவிடும். தையல் உள்ள பக்கத்திலோ காற்று தையலில் இடறிக் கலங்கிப்போகும். கலங்கிய காற்று பந்தோடு அதிக நேரம் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரை போன பிறகே விலகும். இதனால் பந்துக்குப் பின்னால் கிளம்பும் காற்று, பளபளப்பான பக்கமாகத் திரும்பிவிடுகிறது. காற்றை ஒரு பக்கம் தள்ளினால் பந்து மறுபக்கம் போகத்தானே வேண்டும்! நியூட்டனின் மூன்றாம் விதி. இதைத்தான் ஸ்விங் என்கிறோம். தையல் அமுங்கிவிட்டால் காற்று இடறுவது குறையும், ஸ்விங்கும் குறையும்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை நொடி ஆகும். அந்த அரை நொடிக்குள் ஒரு சாண் விலகினாலும் போதும், மட்டையின் நடுவில் படவேண்டியது விளிம்பில் பட்டுவிடும்.

வானம் மூடி, காற்றில் ஈரம் இருந்தால் பந்து நன்றாக ஸ்விங் ஆகும் என்று வர்ணனையாளர்கள் சொல்வார்களே? ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் ஈரப்பதத்துக்கும் ஸ்விங்குக்கும் நேரடித் தொடர்பை உறுதியாகக் காட்டவில்லை. ஈரம் மட்டுமே காரணம் என்றால், நம் சுங்கை பெசாரில் இருக்கும் புழுக்கத்துக்கு இங்கே பந்தைத் தொட்டவர்கள் எல்லாரும் ஸ்விங் மன்னர்கள் ஆகியிருக்க வேண்டும்!

அடுத்தது மண். இதில் உங்களுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. அறுவடை முடிந்து காய்ந்த நெல் வயலில் ஓடியிருப்பீர்கள். நம் வயல் மண் களிமண். ஈரமாக இருக்கும்போது பந்தைப் போட்டால் ‘சொத்’தென்று அங்கேயே உட்கார்ந்துவிடும். பந்து கொண்டுவந்த ஆற்றல் முழுவதும் சேற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. அதே மண் காய்ந்து இறுகிவிட்டால் அமுங்காது, ஆற்றலைப் பந்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும், பந்து எகிறும். இன்னும் காய்ந்தால் வெடிப்பு விடும். வெடிப்பின் ஓரத்தில் பட்ட பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரிஸ்பேன் நகரத்து காபா மைதானத்தின் ஆடுகளமும் களிமண்தான். உருளையால் உருட்டி உருட்டி இறுக்கியது. அங்கே பந்து இடுப்பையும் நெஞ்சையும் தேடிவரும். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்டில்கூடத் தோற்கவில்லை, 2021 ஜனவரி வரை.

அந்த ஜனவரியில் இந்திய அணி காபாவுக்குப் போனபோது அதன் பந்துவீச்சாளர்களின் நிலைமை பரிதாபம். ஷமிக்குக் கை எலும்பு முறிவு, உமேஷுக்குக் கெண்டைக்கால் காயம், ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், பும்ராவுக்கு வயிற்றுத் தசை, அஷ்வினுக்கு முதுகு. மிச்சம் இருந்தவர்களில் சிராஜ் ஆடியிருந்தது 2 டெஸ்ட், சைனி 1. ஷர்துல் தாக்கூரும் 1 தான், அதிலும் 10 பந்து வீசியதும் காயம்பட்டு வெளியேறியவர். அவர்களோடு இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், இருவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட்: சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர்.

நடராஜன் உங்களைப் போலவே டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். வலைப்பயிற்சியில் பந்துவீசத்தான் அந்தப் பயணத்தில் அவரை அழைத்துப் போனார்கள். முதல் இன்னிங்ஸில் நடராஜன், சுந்தர், தாக்கூர் மூவருக்கும் தலா 3 விக்கெட். ஆஸ்திரேலிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித்தை வீழ்த்தியது சுந்தர்.

இன்னொரு நுட்பம் கவனியுங்கள். நடராஜன் இடதுகை வீச்சாளர். பந்தை விட்டபின் அவர் கால் பதிந்து ஓடும் இடம், அந்த முனையில் நிற்கும் வலதுகை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அமையும். ஆணிக் காலணி கீறிக் கீறி அங்கே மண் பொரிந்துபோகும். எதிர் முனையிலிருந்து சுந்தர் போன்ற ஆஃப் ஸ்பின்னர் அந்தப் பொரிந்த மண்ணில் பந்தைக் குத்தினால், உராய்வு கூடி அதிகமாகத் திரும்பும். ஓர் இடதுகை வேகத்தைச் சேர்ப்பது சுழலுக்கும் உதவி. தேர்வுக் குழு நினைவில் வைக்கவேண்டியது இது.

இரண்டாம் இன்னிங்ஸில் சிராஜ் வீசிய ஒரு பந்து, குத்திய இடத்திலிருந்து திடீரென எகிறி ஸ்மித்தின் கையுறையில் பட்டு, களத்தில் நின்ற ரஹானேயிடம் பிடியாகப் போனது. மண்ணே எடுத்துக் கொடுத்த விக்கெட் என்றுதான் நான் சொல்வேன். சிராஜுக்கு 5, தாக்கூருக்கு 4. கடைசி நாளில் 328 ஓட்டங்களைத் துரத்தி இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

நம் சிலாங்கூரிலும் ஒரு சாதனை உண்டு. 2023 ஜூலையில் கிள்ளான் பாயுமாஸ் மைதானத்தில் சீனாவுக்கு எதிராக மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார், ஏழும் போல்ட்! ஆண்கள் அனைத்துலக டி20 ஆட்டத்தில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதல்முறை. ஆனால் அது வெள்ளைப் பந்து, ஆளுக்கு நான்கே ஓவர். ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போகமுடியாது.

என் பட்டியல் இதுதான்: ஆஸ்திரேலியா என்றால் உயரத்திலிருந்து பந்தை ஓங்கிக் குத்தும் வேகவீச்சாளர்கள் மூவர், அவர்களில் ஒருவர் இடதுகை, கூடவே ஒரு சுழல். இங்கிலாந்து என்றால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ஸ்விங் தெரிந்தவருக்கே முதல் இடம்.

உங்கள் பட்டியலை எழுதுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டென்னிஸ் பந்தில் சரிபாதியை மட்டும் ஒயர் டேப்பால் இறுக்கமாகச் சுற்றுங்கள். பள்ளித் திடலில் நண்பனை 20 மீட்டர் தள்ளி நிறுத்தி, டேப் ஒட்டிய பக்கம் ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் இருக்கும்படி வேகமாக வீசுங்கள். பந்து எந்தப் பக்கம் வளைகிறது, மெதுவாக வீசினாலும் வளைகிறதா என்று குறித்துக்கொண்டு, பட்டியலோடு சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.