பாயும் காளையைப் படம் பிடிக்க எந்த கேமரா?

அலங்காநல்லூர் கேலரி. வாடிவாசலைத் தாண்டிக் காளை பாய்கிறது. சுற்றிலும் போன்கள் உயர்கின்றன. அப்புறம் எடுத்த படத்தைப் பார்த்தால், காளை இருக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல்! ‘நல்ல கேமரா வாங்கிடலாம்’ என்று இஎம்ஐ கணக்குப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க.

ஷட்டர் வேகம் போதுமா?

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடும் காளை நொடிக்கு 10 மீட்டர் கடக்கும். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும். 1/1000 நொடி என்றால் 1 செ.மீ.தான். இந்த வேகம் சாதாரண மிரர்லெஸ் கேமராவிலேயே உண்டு. இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

பிறகு எதற்குப் பணம்?

முதலில் ஆட்டோஃபோகஸ். ஓடுவதை விடாமல் பின்தொடர வேண்டும். பல கேமராக்கள் மனிதர், நாய், பூனை, பறவையை அடையாளம் காணும். மாடு அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால், நாமே தேர்ந்தெடுக்கும் பொருளை எப்படித் தொடர்கிறது என்று பாருங்கள்.

அடுத்து பஃபர். கேனான் ஆர்10 போன்ற கேமரா மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம் எடுக்கும். ஆனால் பஃபர் நிரம்பிவிட்டால் வேகம் படுத்துவிடும். மெமரி கார்டும் மெதுவானது என்றால், முக்கியமான நொடி போச்சு!

எலெக்ட்ரானிக் ஷட்டர் ஜாக்கிரதை

பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிசை வரிசையாகப் படிக்கும். அதற்குள் காளை நகர்ந்தால் கொம்பு வளைந்து தெரியும். சோனி ஏ9 III (2023) மொத்தப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவுசெய்து இதைத் தீர்த்தது. விலையோ பல லட்சம். நமக்கு மெக்கானிக்கல் ஷட்டரே போதும்.

லென்ஸை மறக்காதீங்க

எஃப் 5.6-ஐ விட எஃப் 2.8 லென்ஸ் 4 மடங்கு வெளிச்சம் தரும். வெளிச்சம் குறைந்தால் 1/1000 நொடியில் படம் இருண்டுவிடும். ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் புள்ளி புள்ளியாகிவிடும். எனவே பட்ஜெட் முழுவதையும் பாடியில் கொட்டாமல், பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். மெகாபிக்சலைப் பிறகு பார்த்துக்கலாம்.

வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். சாலையோரம் பாதுகாப்பாக நின்று, எதிரே வரும் பைக்குகளை 20 படம் எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். 15 படங்களில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறதா? அதுதான் உங்கள் கேமரா. இல்லையா? இஎம்ஐ தப்பிச்சுது!