சாயங்காலம் 6 மணிக்கு மோட்டார் ஏன் தூங்குகிறது?



சேலம் பக்கம் கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் இளம்பிள்ளையைத் தெரியுமா? சேலைக்குப் பெயர் போன ஊர். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் 'டக் டக் டக்' என்று விசைத்தறிச் சத்தம் கேட்கும். அந்தத் தறியில் ஓடும் பாவு நூல் எங்கிருந்தோ ஒரு நூற்பாலையிலிருந்து வருகிறது. அதற்கு நிறம் ஏற்ற ஒரு சாயப்பட்டறை வேண்டும். நூற்பது, சாயம் போடுவது, நெய்வது என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. மத்தியானம் 2 மணிக்கு ஓடும் மோட்டாருக்கும், ராத்திரி 7 மணிக்கு ஓடும் அதே மோட்டாருக்கும் ஒரே கட்டணம்தானே?

பெரிய ஆலைகளுக்கு இல்லை! தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் கொண்டுவந்த கட்டணப்படி, காலை 6.30 முதல் 10.30 வரையிலும், மாலை 6 முதல் இரவு 10 வரையிலும் 'உச்ச நேரம்'. அந்த நேரத்தில் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 மணி வரை எரித்தால் 5 சதவீதம் தள்ளுபடி! சிறிய தொழிற்கூடங்கள் பலவற்றுக்கும் அதே சமயம் இந்த 25 சதவீதம் வந்தது. அவர்கள் தாங்க முடியாது என்று முறையிட, 2022 நவம்பரில் அதை 15 ஆகக் குறைத்தார்கள்.

ஏன் இப்படி? சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். விளக்கைப் போட்டதும் பெடல் கனக்கும். அழுத்தி மிதிக்காவிட்டால் விளக்கு மங்கும். மின் நிலையமும் அப்படித்தான். நாம் ஸ்விட்சைப் போடும் அதே நொடியில் அங்கே அவ்வளவு மின்சாரம் பிறக்க வேண்டும். கம்பிக்குள் சேர்த்து வைக்க முடியாது. சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், டிவி, மிக்ஸி. அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. சோலார் தகடுகளுக்கு லீவு! 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட சில மணி நேரத்துக்காகவே கூடுதல் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். விலை அதிகமான மின்சாரத்தை வெளியிலிருந்தும் வாங்க வேண்டும்.

சமாளிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? 2012 ஜூலை 30, 31 தேதிகளில் பார்த்தோம். வட இந்தியாவின் மின்வலை அடுத்தடுத்து இரண்டு நாள் சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. தெற்கு அப்போது தனி வலையாக இருந்ததால் தப்பியது. ஆனால் நமக்கும் கஷ்டம் இருந்தது. 2008-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு. மாலை நேரத்தில் பெரிய ஆலைகள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, விளக்கு எரிக்கும் அளவுக்கு மட்டும் மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுப்பாடே இருந்தது. வேலை நின்றால் கூலி ஏது?

அதனால்தான் ஆலைக்காரர்கள் யோசிக்கிறார்கள்: எந்த வேலை காத்திருக்கும், எது காத்திருக்காது?

இதுதான் சுவையான இடம். கொதிக்கும் சாயத் தொட்டியில் நூல் இருக்கும்போது நடுவில் நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். நூற்பு இயந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால் இழைகள் அறும். இவை காத்திருக்காது. ஆனால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்? தொட்டி நிறைந்தால் போதும், மத்தியானம் நிறைந்தால் என்ன, மாலையில் நிறைந்தால் என்ன! கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பம்பு கொஞ்சம் பொறுக்கும். குளிர்பதனக் கிடங்கைக்கூட முன்னதாகவே நன்றாகக் குளிர வைத்துவிட்டால், கதவைத் திறக்காமல் சில மணி நேரம் சமாளிக்கலாம்.

ஒரு கணக்கு போடுவோம், வாத்தியார் புத்தி போகுமா? யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பம்பு மணிக்கு 30 யூனிட் குடிக்கிறது. தினமும் 3 மணி நேரம் ஓட வேண்டும், ஆக 90 யூனிட். மாலை 7 மணிக்கு ஓட்டினால் யூனிட்டுக்கு 10 ரூபாய், மொத்தம் 900. மத்தியானம் ஓட்டினால் 720. நாளுக்கு 180 ரூபாய் மிச்சம். 25 வேலை நாளுக்கு 4,500 ரூபாய். ஒரே ஒரு பம்புக்கு! இரவு 10 மணிக்கு மேல் ஓட்டினால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் தினமும் மணி பார்த்து ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பது யார்? மறந்துவிடுவோம். அதற்குத்தான் தானியங்கிக் கருவி. நம் ஊர் விவசாயிகள் கிணற்று மோட்டாருக்கு 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே? மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். ஆலையில் இருப்பது அதன் படித்த அண்ணன். கடிகாரத்தைப் பார்க்கும், தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும், மீட்டரையும் பார்க்கும். மணி 6 ஆனதும் பம்பைத் தூங்க வைக்கும். தொட்டி அபாயமாகக் குறைந்தால் மட்டும் எழுப்பும். இன்னொரு வேலையும் உண்டு. ஆலை மொத்தமாக எடுக்கும் மின்சாரம் ஒப்புக்கொண்ட அளவை நெருங்கினால், முன்பே கொடுத்த பட்டியல்படி ஒவ்வொன்றாக நிறுத்தும். அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாக ஓட்டும்.

அந்தப் பட்டியலைப் பெட்டி தானாக எழுதாது. எந்த இயந்திரம் பொறுக்கும் என்பது பட்டறையில் நின்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதினால் ஒரு நாள் சாயம் கெடும்.

"எல்லா வேலையையும் ராத்திரிக்கே மாற்றிவிட்டால் தள்ளுபடியும் கிடைக்குமே?" என்று சிலர் கேட்பார்கள். அது எனக்குப் பிடிக்காது. 5 சதவீதத்துக்காக அம்மா அப்பாவின் தூக்கத்தை எடுப்பதா? தண்ணீருக்குத் தூக்கம் வராது. அதைக் காத்திருக்க வைக்கலாம்.

தண்ணீரைக் காத்திருக்க வைப்பதை நம் அரசாங்கமே பெரிய அளவில் செய்கிறது தெரியுமா? ஆனைமலையில் காடம்பாறை நீர்மின் நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். உச்ச நேரத்தில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவாகும் மின்சாரம் முழுதும் திரும்பி வராது. ஆனாலும் தேவையான நேரத்தில், சில நிமிடங்களில் கிடைக்கிறதே! நிலக்கரி நிலையம் ஆறிக் கிடந்தால் சூடேறவே பல மணி நேரமாகும்.

இப்போதெல்லாம் பகல் வெயிலில் சோலார் மின்சாரம் நிறையக் கிடைக்கிறது. அதனால் 2023 ஜூனில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு மொத்தம் எத்தனை யூனிட் என்பதுதான் கணக்கு.

வீட்டு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும், பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் 3200 என்று போட்டிருந்தால், 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று பொருள். இன்று சாயங்காலம் 7 மணிக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரவு 9 மணிக்கு மறுபடி எண்ணுங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள், மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது. பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.